உங்கள் சர்க்யூட் எத்தனை மைக்ரோசெகண்ட் ஓடுகிறது?

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் குவாண்டம் கம்ப்யூட்டர் புராஜெக்ட் எடுக்கிற மாணவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகம் இது: "சிமுலேட்டர்ல சரியா வருது சார், கிளவுட் மெஷின்ல போட்டா குப்பையா வருது."

புரோகிராம் கோடைக் குடைவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். மெஷினை அளந்து வைத்திருக்கும் காலிபரேஷன் பட்டியலில் ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் (குவாண்டம் பிட்டுக்கும்) டி1, டி2 என்று இரண்டு எண்கள் இருக்கும். டி1 என்பது 1-இல் இருக்கும் க்யூபிட் ஆற்றலை இழந்து 0-க்கு விழ ஆகும் காலம். டி2 என்பது சூப்பர்பொசிஷனின், அதாவது 0-உம் 1-உம் கலந்த நிலையின், ஃபேஸ் (அவ்விரண்டுக்கும் இடையிலான அலைக்கட்ட உறவு) கலையும் காலம். என்ன செய்தாலும் அது டி1-இன் இரு மடங்கைத் தாண்டாது.

டி2 100 மைக்ரோசெகண்ட், இரண்டு க்யூபிட் கேட்டுக்கு (இரண்டு க்யூபிட்டைச் சேர்த்து இயக்கும் ஒரு படிக்கு) 0.5 மைக்ரோசெகண்ட் என்று வையுங்கள். 40 அடுக்கு சர்க்யூட் 20 மைக்ரோசெகண்ட் ஓடும். ஒரு க்யூபிட்டில் ஃபேஸ் சுமார் 82 சதவீதம் மிஞ்சும். பரவாயில்லையே என்று தோன்றும். பத்து க்யூபிட் என்றால் 0.82-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: சுமார் 14 சதவீதம். தோராயம்தான், ஆனால் கேட் பிழையும் அளவீட்டுப் பிழையும் இதில் இன்னும் சேரவே இல்லை.

இன்னும் குளிர வைக்கலாமே என்பார்கள். சூப்பர்கண்டக்டிங் சிப் ஏற்கெனவே 10–20 மில்லிகெல்வினில்தான் கிடக்கிறது. தொல்லை பெரிதும் சிப்பின் மேற்பரப்பு ஆக்சைடில் இருக்கும் குறைகளிலிருந்தும், தடுமாறும் காந்தப்புலத்திலிருந்தும், கேபிள் வழியாக இறங்கும் இரைச்சலிலிருந்தும் வருகிறது. நம்மூர் உப்புக்காற்று வீட்டு கேட்டை அரிக்கிற மாதிரி. அந்த கேட் வேறு, இந்த கேட் வேறு!

செலவில்லாத முதல் வைத்தியம்: 0-இல் சும்மா கிடக்கும் க்யூபிட்டுக்குச் சேதம் அநேகமாக இல்லை. ஹடமார்ட் (0-ஐச் சூப்பர்பொசிஷனுக்குக் கொண்டுபோகும் கேட்) போட்டதும்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதை முடிந்தவரை தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது எதிரொலி, கலைந்த ஃபேஸை மீண்டும் ஒன்றுகூட்டும் வழி, 1950-இல் எர்வின் ஹான் அணுக்கருக்களில் கண்டது. மாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து பத்துப் பேர் ஆளுக்கொரு வேகத்தில் நடக்கிறார்கள். பத்தாவது நிமிடம் விசில். எல்லோரும் திரும்பி அதே வேகத்தில் நடந்தால் இருபதாவது நிமிடம் சிலையடியில் ஒன்றாக நிற்பார்கள். நடுவில் கொடுக்கும், 0-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றும் எக்ஸ் பல்ஸ்தான் அந்த விசில். வழியில் ஒருவர் சுண்டல் வாங்க நின்றால் கணக்குப் பிசகும். அதாவது இரைச்சல் வேகமாக மாறினால் விசிலையும் அடிக்கடி ஊத வேண்டும்.

செய்து பாருங்கள். ஒரே க்யூபிட்டில் ஹடமார்ட், காத்திருப்பு, மறுபடி ஹடமார்ட், அளவீடு. காத்திருப்பை 10, 20, 40, 80 மைக்ரோசெகண்ட் என ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் 1000 ஷாட் (1000 முறை ஓட்டம்). பிறகு காத்திருப்பின் சரிபாதியில் ஒரு எக்ஸ் சேர்த்து அதையே ஓட்டுங்கள். எக்ஸ் இல்லாதபோது 0-இன் எண்ணிக்கை 500-க்குக் கீழே போய் மீண்டும் ஏறினால் பயப்பட வேண்டாம். க்யூபிட்டின் அதிர்வெண் காலிபரேஷனிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது. எக்ஸ் சேர்த்ததும் அந்த ஊசலாட்டம் அடங்கும், சரிவும் மெதுவாகும்.

பல்ஸை அள்ளிப் போடவும் கூடாது. ஒவ்வொரு எக்ஸும் துளி கோணல். ஐம்பது போட்டால் கோணல் கூடிக்கொண்டே போகும். எக்ஸும், வேறு அச்சில் திருப்பும் ஒய்யும் மாறிமாறி வரும் எக்ஸ்ஒய்-4 வரிசையில் அந்தக் கோணல்கள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துவிடும். டி1 இழப்புக்கு மட்டும் இது எதுவும் உதவாது. அதற்குப் பிழைதிருத்தம் வேண்டும். சர்ஃபேஸ் கோடு என்ற பிழைதிருத்த முறையில் தூரம் (எவ்வளவு பிழையைத் தாங்கும் என்பதன் அளவு) 7 என்றால், பிழையிலிருந்து காக்கப்பட்ட ஒரே லாஜிக்கல் க்யூபிட்டுக்கு 97 க்யூபிட். எனவே எக்ஸ்ஒய்-4-ஐ இயக்கிவிட்டு, ரிப்போர்ட்டில் "பிழைதிருத்தம் செய்தோம்" என்று எழுதாதீர்கள்.