பணித்தகைமை, பணிபுரிதிறன்: சொல் விளக்கம்

ஆடை வடிவமைப்பும் துணிநூல் தொழில்நுட்பமும் பயிலும் சேலத்து மாணவர்களின் காதில் ஓயாமல் விழும் சொல் ‘எம்ப்ளாயபிலிட்டி’. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு கல்லூரி அறிவிப்புகளில் இதன் புழக்கம் இன்னும் கூடியது. இதற்கு ஈடாக ‘வேலைவாய்ப்புத் திறன்’ என்று எழுதுகிறார்கள். பழகிய சொற்களால் ஆனது என்பதைத் தவிர இத்தொடருக்கு வேறு சிறப்பு இல்லை. வாய்ப்பு ஆளுக்கு வெளியே இருப்பது. நூல் விலை ஏறினாலோ வெளியூர் ஆர்டர் நின்றாலோ குறைந்துவிடுவது. திறன் ஆளுக்குள் இருப்பது. இரண்டையும் ஒட்டவைத்ததால், நேர்காணலுக்குத் தயார் செய்வதுதான் இதன் முழுப்பொருள் என்ற எண்ணம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் உள்ளது. ‘ப்ளிகாரே’ என்றால் மடித்தல். ‘இம்ப்ளிகாரே’ என்றால் உள்ளே மடித்துச் சேர்த்தல், பிணைத்தல். பின்னது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘எம்ப்ளாய்’ ஆகி, ஒன்றைப் பயன்படுத்துதல், ஒருவரைப் பணியில் அமர்த்துதல் ஆகிய பொருள்களைப் பெற்றது. நூல் வணிகத்தில், சேர்த்து முறுக்கிய இழைகளைக் குறித்து நாள்தோறும் புழங்கும் ‘ப்ளை’ என்ற சொல்லும் அதே ‘ப்ளிகாரே’யிலிருந்து வந்ததே. 2/80 என்று சீட்டு ஒட்டிய நூல், 80 கவுண்ட் இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. கவுண்ட் என்பது நூலின் நுண்மையைக் காட்டும் எண், அது கூடினால் இழை மெலியும். பருமனில் அது ஏறக்குறைய ஒற்றை 40 கவுண்டுக்குச் சமம். ஆக, சேலம் அம்மாபேட்டையில் தறிக்குப் போகும் இரட்டை நூலுக்கும் வளாக நேர்காணலில் பேசப்படும் சொல்லுக்கும் வேர் ஒன்றே.

தமிழில் இதற்கு இணையாக ஒரு சொல் தற்செயலாகவே அமைந்திருக்கிறது. ‘புரி’ என்பது முறுக்கையும் இழையையும் குறிக்கும். முப்புரிநூல், வைக்கோற்புரி என்பன எல்லோரும் அறிந்தவை. அதே வடிவம் ‘செய்’ என்ற பொருளிலும் வரும். பணிபுரிதல், தவம் புரிதல் என்கிறோம். லத்தீன் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. ஒலி ஒப்புமையை வைத்து உறவு கொண்டாடும் வேர்ச்சொல் ஆராய்ச்சிகள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு உள்ளன. ஆயினும் துணிநூல் படிப்புக்கு ஒரு கலைச்சொல் தேடும்போது, இழையையும் செயலையும் ஒருங்கே நினைவூட்டும் வடிவத்தைக் கைவிட மனம் வரவில்லை.

பொருளில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலச் சொல் ‘பணியில் அமர்த்தப்படத் தக்க நிலை’ என்பதைச் சொல்கிறது, அமர்த்துபவர் வேறொருவர். ஆனால் உயர்கல்வியில் அதன் பொருள் விரிந்துள்ளது. பிரிட்டனின் கல்வியாளர் மான்ட்ஸ் யார்க் 2004-இல் அளித்த விளக்கம் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. பட்டதாரி வேலை பெறவும், தாம் தேர்ந்தெடுத்த தொழிலில் சிறக்கவும் கூடுதல் வழிவகுக்கும் திறன்கள், புரிதல், தனிப் பண்புகள் ஆகியவற்றின் தொகுதி என்பது அதன் சாரம். வேலை கிடைத்துவிட்டது என்பதே இத்தகைமைக்குச் சான்றாகாது என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

ஆகவே ஒரே தமிழ்த்தொடரால் இரண்டு கருத்துகளையும் சுமக்கவைப்பதைவிட, நிலையைப் ‘பணித்தகைமை’ என்றும், அதன் கூறுகளைப் ‘பணிபுரிதிறன்கள்’ என்றும் பிரித்து வழங்குவது தெளிவு தரும். பின்னது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது. ‘பணிபுரித்திறன்’ என்று எழுதுவது பிழை. புரிந்த, புரிகின்ற, புரியும் என முக்காலமும் அதில் மறைந்து நிற்பதால், முதல் வேலையோடு முடிந்துவிடாத ஒன்று என்ற கருத்தும் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

துணிநூல் துறையில் இச்சொல் எதைச் சுட்டுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை என்பது பாட அறிவு. 140 ஜி.எஸ்.எம். எடையும் 120 செ.மீ. அகலமும் உள்ள துணி மீட்டருக்கு 168 கிராம் இருக்கும், 1,000 மீட்டருக்கு 168 கிலோவோடு சேதாரமும் சேரும் என்று கணக்கிட்டு விலை சொல்வது அதற்கு அடுத்த படி. வாங்குபவர் அதே துணியை விலை குறைத்துக் கேட்கும்போது, ஊடையின், அதாவது குறுக்கிழையின், நெருக்கத்தைக் குறைத்தால் துணி தளர்ந்து தையலோரம் விலகும் என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்வதும், மாற்று வழி உண்டா என்பதை நெசவாளியிடம் அவருடைய தொழிற்சொற்களிலேயே கேட்டறிவதும், சாயப்பட்டறையில் ஒரு லாட்டுக்கும் மறு லாட்டுக்கும் நிறம் மாறியிருப்பதைச் சரக்கு அனுப்புமுன் கண்டு நிறுத்துவதும்தான் பணிபுரிதிறன்.

இத்திறன்களைப் பாடத்திட்டத்தில் ‘உட்பொதித்தல்’ என்று எழுதுகிறார்கள். பொதிதல் என்றாலே மூட்டை கட்டி உள்ளே வைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. நடைமுறையும் பெரும்பாலும் அப்படியே, கடைசிப் பருவத்தில் ‘மென்திறன்’ என்றொரு தாளாக வந்து நிற்கிறது. ‘ஊடமைத்தல்’ என்பது பொருத்தமாக இருக்கும். ஊடை, பாவின் (நெடுக்கிழைகளின்) ஒவ்வோர் இழையையும் கடந்து செல்வதுபோல, நெசவு ஆய்வகத்தில் அடக்கவிலைக் கணக்கும், வடிவமைப்பு வகுப்பில் டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்களைத் தயாரிப்பாளருக்குச் சொல்லும் ஆவணம்) எழுதுதலும், சாயமேற்றும் பயிற்சியில் குறைபாட்டு அறிக்கையும் இருந்தால்தான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு.

இதற்குச் சேலத்தைவிட வசதியான ஊர்கள் குறைவு. இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இங்கே உள்ளது. 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தில் துணிநூல், ஆடை வடிவமைப்புக்கெனத் தனித்துறை இயங்குகிறது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு நெய்யும் தறிகளும் இளம்பிள்ளைச் சேலைச் சந்தையும் பேருந்துத் தொலைவில் இருக்கையில், கற்பனை வாடிக்கையாளருக்காக ஒப்படைப்பு எழுதவைப்பது ஏனென்று விளங்கவில்லை.

தொடர்புடைய சொற்களையும் இதே முறையில் வகுக்கலாம். பணியில் அமர்த்துவது பணியமர்த்தல், அமர்த்துபவர் பணியளிப்பவர். ‘வேலைவாய்ப்பு’ என்பதை வாய்ப்பைக் குறிக்கும் இடங்களுக்கே, வேலைவாய்ப்பு அலுவலகம், வேலைவாய்ப்பு முகாம் என்பவை போல, விட்டுவிடலாம். பாடத்திட்டத்தில் எழுதும்போது, ‘இத்தாள் மாணவரின் பணித்தகைமையை வளர்க்கும்’ என்று பொதுவாக நிறுத்தாமல், எந்தப் பணிபுரிதிறன் எந்த ஆய்வகப் பயிற்சியில் ஊடமைக்கப்பட்டுள்ளது என்பதையும் அதே வரியில் குறிப்பிட வேண்டும்.