உப்புக்காற்றில் சின்னக் கேமரா: லென்ஸுக்கும் மற்றதுக்கும் காசை எப்படிப் போடுவது?

தண்டையார்பேட்டையில் கேமரா சர்வீஸ் செய்பவன் நான். புதுக் கேமராவைக் கடைக்காரர் பார்க்கிறார் என்றால், அதே கேமராவை இரண்டு வருஷம் கழித்து நான் பார்க்கிறேன். எது நன்றாக உழைத்தது, எது பையிலேயே கிடந்து வீணானது, எதில் பூஞ்சை பிடித்தது என்பதெல்லாம் டேபிள் விளக்கில் தெரிந்துவிடும். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பட்ஜெட்டில் முக்கால்வாசி பாடிக்கே, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கே, போயிருக்கும். மீதிக் காசில் கேஜ் (கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டம்), கலர் லைட், முதுகுப்பை. லென்ஸ் என்றால் பாடியோடு வந்த கிட் லென்ஸ் ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைக்க ஒரு டப்பாகூட இருக்காது.

பாடியில் ஒரு படி இறங்குங்கள் என்பதுதான் என் யோசனை. மிச்சமாகும் காசை, நீங்கள் நிஜமாக எடுக்கும் படத்துக்கு ஏற்ற ஒரு நல்ல லென்ஸிலும், அதைக் கடல்காற்றிலிருந்து காப்பாற்றுவதிலும் போடுங்கள். பாடி நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். லென்ஸ் அதைத் தாண்டியும் உழைக்கும், பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்.

முதலில் மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம். பாடி வாங்கும்போதே இனி என்னென்ன லென்ஸ் வாங்க முடியும் என்பதும் முடிவாகிவிடுகிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று கேனன் எம்50 வாங்கி வருகிறார்கள். நல்ல கேமராதான். ஆனால் அதன் ஈஎஃப்-எம் மவுண்டை கேனன் கைவிட்டுவிட்டது. அந்த லென்ஸ்கள் புது ஆர்எஃப் பாடியில் ஏறாது. காரணம் எளிது. மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஈஎஃப்-எம்மில் 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20 மி.மீ. லென்ஸ் ஏற்கெனவே இரண்டு மி.மீ. தள்ளி நிற்கும்போது இரண்டையும் இணைக்கும் அடாப்டர் வளையத்துக்கு நடுவில் இடம் ஏது? பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கேனன் ஈஎஃப் லென்ஸுக்கு அந்தத் தூரம் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. அதனால் அடாப்டர் தாராளமாக உட்காரும்.

உட்காரும் என்பதால் எல்லாம் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. மாமாவின் பழைய நிக்கான் 50 மி.மீ. டி லென்ஸை (லென்ஸ் பெயரில் வரும் மி.மீ. அதன் குவியத் தூரம்; எண் சின்னதானால் அகலமாகக் காட்டும், பெரிதானால் கிட்டத்தில் காட்டும்) நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட்30 பாடியில் போட்டால் ஆட்டோஃபோகஸ் வராது. அந்த வகை லென்ஸை ஓட்டும் மோட்டார் பழைய பாடிக்குள் இருந்தது. அடாப்டரில் அது கிடையாது. அப்புறம், கம்பெனி பெயரே இல்லாத மலிவு அடாப்டர்கள். சென்சாரில் புள்ளி என்று ஒரு தம்பி கொண்டுவந்தார். தூசி என்று நினைத்துப் பிளோவரில் ஊதினேன், நகரவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பளபளவென்று உலோகச் சீவல். அடாப்டரின் வளையம் ஒவ்வொரு தடவை திருகும்போதும் உராய்ந்து, அந்தப் பொடி உள்ளே கொட்டியிருக்கிறது. இந்தச் சின்னக் கேமராக்கள் மிரர்லெஸ், அதாவது டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் மறைப்பாக நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான மிரர் இவற்றில் இல்லை என்பதால் எல்லாம் நேராக அதன் மேல்தான் போய் விழும். லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்க்கப் பிடியுங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் காற்று அடிக்கும்போது மாற்றவே வேண்டாம்.

சின்ன அளவும் நிறைய லென்ஸும் வேண்டும் என்பவர்களுக்குச் சின்ன சென்சார் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் இன்னும் நல்ல வழி. 2008-ல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த இந்த மவுண்டில் ஒருவர் லென்ஸ் இன்னொருவர் பாடியில் பொருந்தும். அதைவிடக் கொஞ்சம் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் வேண்டுமென்றால் சோனி ஈ மவுண்டில் வெளிக் கம்பெனி லென்ஸ்கள் ஏராளம். நிக்கான் இசட்டுக்கு சிக்மாவின் 16, 30, 56 மி.மீ. லென்ஸ்கள் 2023-ல்தான் வந்தன. கேனன் ஆர்எஃப்புக்கு சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் வர ஆரம்பித்தது 2024-ல். ஃபுஜியில் லென்ஸ் வரிசை பிரமாதம், விலையும் அப்படித்தான்.

சரி, எந்த லென்ஸ்? என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். கிட் லென்ஸிலேயே ஒரு மாதம் எடுங்கள். பிறகு பிடித்த படங்களை மட்டும் தனியாகப் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.-ல் எடுத்தது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் படத்தின் விவரத்தைத் திறந்தாலே அது இருக்கும். பாதிப் படம் 16, 18 பக்கம் குவிந்திருந்தால் உங்களுக்கு அகல லென்ஸ். எல்லாம் 50-ல் முட்டிக்கொண்டு நின்றால் இன்னும் நீளமானது வேண்டும். யூடியூப் விமர்சனத்தில் சொல்வதைவிட இந்தக் கணக்கு நம்பகமானது.

நம்ம பக்கத்து வேலையை வைத்தே சொல்கிறேன். வீட்டிலேயே நடக்கும் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு. பத்துக்குப் பத்து அறையில் ஐம்பது பேர். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 30 மி.மீ.-ல் தாம்பாளமும் பெண்ணும் ஒன்றாக வராது. அங்கே ஏபிஎஸ்-சி பாடிக்கு 16 மி.மீ. அல்லது அதைவிட அகலம்தான் கைகொடுக்கும். அதே 16-ல் முகத்துக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி, அத்தை கோபித்துக்கொள்வார். ஆள் படத்துக்கு 56 போடுங்கள். சோனி, நிக்கான், ஃபுஜி ஏபிஎஸ்-சி சென்சாரில் அது, ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாரில் 84 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணத்தைத் தரும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அந்த வேலையை ஒலிம்பஸின் 45 மி.மீ. எஃப் 1.8 செய்யும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்). எடை 116 கிராம்தான். சட்டைப் பையில் போட்டு மறந்துவிடலாம்.

விடியற்காலைக் காசிமேடு வேறு கதை. ஏலம் நடக்கும்போது இருட்டு, மேலே விளக்கு, கீழே ஈரம், நடுவில் ஓயாமல் நகரும் மனிதர்கள். இங்கேதான் ஒரு பெரிய குழப்பம் வருகிறது. “அண்ணே, என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கே, அப்புறம் ஏன் படம் கலங்குது?” என்று கேட்கிறார்கள். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். கூடை தூக்குகிறவரின் அசைவைப் பிடிக்காது. அதற்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி பக்கம் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். கிட் ஜூமின் நீள முனையில் எஃப் 5.6 என்றால், எஃப் 1.4 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) அதைப்போல் 16 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்) 6400-ல் எடுத்த காட்சியை 400-ல் எடுக்கலாம். இருபதாயிரம் கூடப் போட்டுப் பெரிய பாடி வாங்கினாலும் இந்த வித்தியாசம் கிடைப்பது கஷ்டம். ஒரு எச்சரிக்கை: எஃப் 1.4-ஐ முழுதாகத் திறந்தால் கண்ணில் ஃபோகஸ் நிற்கும், காது கலங்கிவிடும். கூட்டத்தில் எஃப் 2.8 வரை மூடிக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடியில் கால்பந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் 70-200 எஃப் 2.8-ஐ அடாப்டரில் மாட்டி வருகிறார்கள். லென்ஸ் ஒன்றரைக் கிலோ, பாடி அரைக் கிலோகூட இல்லை. பாடியைப் பிடித்துத் தூக்கித் தூக்கி மவுண்ட் ஆடிப்போய் என்னிடம் வரும். அந்த லென்ஸைப் போட்டே ஆக வேண்டுமென்றால் இடது கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும். டிரைபாடையும் லென்ஸின் வளையத்தில் மாட்டுங்கள். சின்னக் கேமராவை வாங்கிவிட்டு அதை ஏன் இப்படிப் பெரிதாக்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பழவேற்காட்டில் பூநாரை எடுக்கப் போகிறவர்களுக்குச் சின்ன சென்சார் உண்மையிலேயே லாபம். பானசோனிக் 100-300 அரைக் கிலோ சொச்சம்தான், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதன் நீள முனை 600 மி.மீ. கோணம் தரும். படகில் கையிலேயே பிடிக்கலாம்.

துணைச் சாமான்களில் பாதி வேண்டாதவை. கேஜ் வேண்டாம், வீடியோதான் தொழில் என்றால் தவிர. மெமரி கார்டில் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் படிக்கும் வேகம். பார்க்க வேண்டியது வி30 என்ற குறி. நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்று அர்த்தம். நொடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோவுக்குத் தேவை 12.5 மெகாபைட்தான், ஆக வி30 போதும். வி90-க்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். ஆனால் போலிக் கார்டு நிறைய நடமாடுகிறது. 128 ஜிபி என்று எழுதியிருக்கும், 30 ஜிபி தாண்டியதும் பழைய படத்தின் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலில் கார்டை முழுதாக நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.

பேட்டரியில் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவு டூப்ளிகேட் வெயில் காலத்தில் உப்பி, கேமராவின் பேட்டரி அறைக்குள் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் வராது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். அப்படியே விட்டுக் கொண்டுவாருங்கள். நிறுத்திய காருக்குள் பேட்டரி, சார்ஜர் எதையும் விடாதீர்கள்.

ஃபில்டர் விஷயத்தில் பழைய காரணம் போய்விட்டது. டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது, யுவி ஃபில்டரால் படம் மேம்படாது. ஆனால் காசிமேட்டு என்4 கடற்கரையிலும் எண்ணூரிலும் அலைத் துளி தெறிக்கும் இடத்தில் அதைக் கண்ணாடிக் கவசமாகப் போடலாம். இரவு விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். மலிவு ஃபில்டர் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் விளக்கைச் சேர்க்கும். வீடியோக்காரர்களுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் அவசியம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8-ல் ஷட்டர் 1/3200 பக்கம் போகும். 25 ஃபிரேம் வீடியோவுக்கு 1/50 வேண்டும். ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வித்தியாசம், அதாவது வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும் என்டி64. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்காமல், இருப்பதில் பெரிய விட்டத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டு மற்றவற்றுக்கு அந்த விட்டத்துக்குப் பொருத்தும் ஸ்டெப்-அப் வளையம் போடுங்கள்.

இனி முக்கியமான சாமான். அதைக் கடையில் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. காற்றுப் புகாத, ரப்பர் வளையம் உள்ள ஒரு சமையலறைப் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய். மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராயபுரத்து வீடுகளுக்குள் இது சர்வசாதாரணம். ஆரஞ்சு நிற ஜெல் கரும்பச்சையானால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சமைக்காத பழைய சட்டியில் சிறுதீயில் சூடாக்கினால் ஆரஞ்சு திரும்பும். லென்ஸ் மூன்றைத் தாண்டினால் கரண்டில் ஓடும் டிரை கேபினெட் வாங்கிவிடுங்கள்.

அரிசியில் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மாவுத் தூசி ஜூம் வளையத்துக்குள் போகும். பீரோவில் அந்துருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கேமராக் கம்பெனிகளே கூடாது என்று எழுதியிருக்கின்றன. தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைப்பதும் கெடுதல்தான், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

பூஞ்சை முதலில் கண்ணாடி ஓரத்தில் ஒரு நூல் மாதிரி தெரியும். அப்புறம் சிலந்திவலையாகக் கிளைவிடும். நூலாக இருக்கும்போதே கொண்டுவந்தால் பெரும்பாலும் துடைத்துவிடலாம். விட்டால் அது சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரித்துவிடும். பூஞ்சையைத் துடைத்த பிறகும் தழும்பு நிற்கும். இந்தச் சின்ன லென்ஸ்களில் உள் கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒட்டியே வருவதால், நடுவில் பிடித்தால் சர்வீஸ் செலவு லென்ஸ் விலையையே தொட்டுவிடும். கிட் லென்ஸ் என்றால் நானே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உப்பு காய்ந்தபின் தேய்த்தால் கீறும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படிகிறதா? ஜிப் கவருக்குள் வைத்தே இறக்கி, அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டுத் திறங்கள். வாயால் ஊதவே வேண்டாம், எச்சில்தான் தெறிக்கும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு டார்ச்சும் உங்கள் பாடியும் கையில் இருக்கட்டும். இரு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்னால் பாருங்கள். இரண்டு மூன்று தூசி பரவாயில்லை. நூலோ பால் மாதிரி மூட்டமோ இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மவுண்ட் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பாடியில் மாட்டி எல்லா மி.மீ.-லும் ஃபோகஸ் செய்யுங்கள், கடைசி எஃப் வரை மூடி ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா, லென்ஸில் உள்ளதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். இந்திய வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கு என்றால் பழுதுச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.