தலித்: பிளவும் ஒடுக்கும்

தலித் என்றால் ‘தாழ்ந்தவர்’ என்று பொருள் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. வடமொழியில் ‘தல்’ என்ற வேருக்குப் பிளத்தல், வெடித்தல் என்று பொருள். ‘தலித’ என்றால் பிளக்கப்பட்டது, நொறுக்கப்பட்டது. உடைத்த பருப்புக்கு வடக்கே வழங்கும் ‘தால்’ என்ற பெயரும் இந்த வேரில் வந்ததுதான். பயறு தானாக இரண்டாக உடைவதில்லை. திரிகையில் போட்டு யாரோ சுற்ற வேண்டும்.

அரசியல் சொல்லாக இதைப் பரப்பியது மராட்டிய மண். 1972-இல் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் முதலிய இளம் எழுத்தாளர்கள் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை பழங்குடியினர், நிலமற்ற உழவர், தொழிலாளர், பெண்கள் எல்லாரையும் தலித் என்றே சொன்னது. ஆனால் வழக்கில் நிலைத்தது, தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதியினர் என்ற பொருள்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? எனக்குப் பிடித்தது ‘ஒடுக்கப்பட்டோர்’. ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. குடம் கீழே விழுந்தால் ‘ஒடுக்கு விழுந்துவிட்டது’ என்கிறோமே, அந்த ஒடுக்குதான். வடமொழி பிளவைப் பார்த்தது, தமிழ் நசுங்கலைப் பார்க்கிறது. இரண்டிலும் அடித்த கை ஒன்று உண்டு. ‘தாழ்ந்தோர்’ என்பதில் அந்தக் கை மறைந்துவிடும். ‘தாழ்த்தப்பட்டோர்’ என்றால் திரும்ப வந்துவிடும். நடுவில் வரும் ‘த்தப்பட்ட’ சும்மா வரவில்லை.

ஆனாலும் எல்லா இடத்திலும் மாற்றிப் போட முடியாது. ஒடுக்கப்பட்டோர் என்றால் வேறு பல தரப்பினரும் அதில் அடங்குவர். அப்புறம், தலித் என்பது அம்மக்களே எடுத்துக்கொண்ட பெயர். காந்தி பரப்பிய ‘ஹரிஜன்’ அப்படியல்ல, அதனால்தான் அம்பேத்கர் வழி வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா போன்ற தலித் தலைவர்கள் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ ஆகியவற்றுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ வேண்டும் என்று கேட்டு, 1922-இல் அரசு ஆவணங்களில் அதை ஏற்கவைத்தார்கள்.

சட்டம் சொல்வது ‘பட்டியல் சாதியினர்’. சாதிச் சான்றிதழில் தலித் என்ற சொல் இருக்காது. 2018-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரையில்கூட, தலித் என்பதைத் தவிர்த்துச் சட்டப் பெயரையே பயன்படுத்தச் சொன்னது. மேடையிலும் கவிதையிலும் தலித் இன்னும் தலித்தாகத்தான் இருக்கிறது.