உளவியல் மேற்படிப்புக்கு எம்.பி.யின் கடிதம் உதவாது

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கங்களிலிருந்து உளவியல் படித்த பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும்போது, ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோடுதான் வருவார்கள். "இதுக்கு அப்ளை பண்ணலாமா?" என்பது கேள்வி. படித்து முடித்து என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதை முடிவு செய்யாமல் விண்ணப்பம் எழுதத் தொடங்கினால் காசும் போகும், வருடமும் போகும்.

வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்கும் சிகிச்சை உளவியலாளராக வேண்டுமா? அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் எம்.பில். போன்ற பயிற்சியோடு கூடிய படிப்பு வேண்டும், அப்புறம் இலங்கை மருத்துவ சபையில் பதிவு. ‘உளவியல் முதுமாணி’ என்று பெயர் உள்ள எல்லாப் படிப்பும் அந்தப் பதிவுக்குக் கொண்டுபோகாது. பாடசாலையிலோ தொண்டு நிறுவனத்திலோ உளவளத்துணை செய்வதற்கான வழி வேறு. விரிவுரை, ஆய்வு என்று போக நினைப்பவர்கள், பட்டங்களைத் தரம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். 9ஆம் மட்ட முதுமாணி 30 கிரெடிட், பாடங்கள் மட்டும். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தது. விளம்பரத்தில் இந்த எண் இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள். பட்டப்படிப்பு இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக இதுவும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அரச பல்கலைக்கழகங்களிலும் முதுமாணிக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே சிகிச்சை உளவியலில் இரண்டு வகைக் கலாநிதிப் பட்டங்கள். 1949இல் போல்டர் நகரில் நடந்த மாநாடு, ஆய்வும் சிகிச்சையும் சேர்ந்த பயிற்சியை வகுத்தது. பிஎச்.டி. அந்த வழி. சிகிச்சைக்கே முதலிடம் தரும் சை.டி. பட்டத்துக்கு 1973 வேய்ல் மாநாடு ஆதரவு கொடுத்தது. பிஎச்.டி.யில் பல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன, சை.டி.யில் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். அப்பாவின் ஈ.பி.எஃப். காசை நம்பிப் படிக்கப் போகும் வீட்டுக்கு இது சின்ன வித்தியாசமா? பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியிலேயே மூடிவிடும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால், ஏற்பதா இல்லையா என்று நீங்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் உடன்பாடு ஒன்று அங்கே உண்டு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் அது பொருந்தும். சித்திரைப் புத்தாண்டோடு ஒட்டி வரும் நாள் என்பதால் மறக்காது.

சரி, இனி நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம். ஏன் இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கடிதம்.

நான் வாசித்துத் திருத்தும் கடிதங்களில் அநேகமானவை லயத்துக் காம்பராவில் தொடங்கி, அம்மாவின் கொழுந்துக் கூடைக்குப் போய், "எங்கள் மக்களுக்கு உதவ வேண்டும்" என்று முடிகின்றன. அத்தனையும் உண்மை. ஆனால் வாசிக்கும் பேராசிரியருக்கு அதிலிருந்து நீங்கள் எப்படி யோசிப்பவர் என்பது தெரியாது. ஆப்பிள்பி என்ற பெயருடைய இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க உளவியல் துறைகளின் அனுமதிக் குழுத் தலைவர்களிடம் விசாரித்து, விண்ணப்பங்களைக் கெடுக்கும் விடயங்களைப் பற்றி 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அளவுக்கு மீறித் தன் கதை சொல்வதும், எல்லோருக்கும் உதவத் துடிப்பதாக எழுதுவதும், சொந்த மனநோயை விவரிப்பதும் அதில் வந்தன. மனநோய் வந்தவர் இந்தத் துறைக்கு ஆகாதவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தவறு. அதைச் சொல்ல இந்தக் கடிதம் இடமில்லை, அவ்வளவுதான். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

அப்படியானால் தோட்டத்தைப் பற்றி எழுதவே கூடாதா? எழுதுங்கள், கேள்வியாக எழுதுங்கள். அம்மா வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போயிருக்கும் பிள்ளைகளை நம் பாடசாலைகளில் பார்த்திருப்பீர்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும் அப்பாவிடம் வளரும் பிள்ளைக்கும் பாடசாலை வரவில் வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால் எதனால்? இதை எப்படி அளப்பீர்கள், யாரிடம் அனுமதி வாங்குவீர்கள், நீங்கள் விண்ணப்பிக்கும் துறையில் யார் இதற்குப் பக்கமான ஆய்வு செய்கிறார்? இந்தக் கேள்விகளை யோசித்து எழுதிய ஒரு பக்கம், கண்ணீர் வரவைக்கும் மூன்று பக்கத்தைவிட மேல்.

ஒரு எச்சரிக்கை. தொண்டராக வேலை செய்த இடத்தில் சந்தித்த ஒருவரின் கதையை உதாரணமாகக் காட்ட ஆசை வரும். ‘டிக்கோயா பக்கம் ஒரு தோட்டம், மேல் டிவிஷன், கணவனை இழந்த இளம் தாய்’ என்று எழுதினால் பெயர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். இரகசியம் காக்கத் தெரியாதவர் என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

பரிந்துரைக் கடிதத்துக்கு எம்.பி., தொழிற்சங்கத் தலைவர், கோயில் ஐயர், ஃபாதர் யாரும் வேண்டாம். அதே 2006 கட்டுரையும் பொருத்தமில்லாத ஆட்களின் கடிதத்தைக் கெடுதல் பட்டியலில்தான் வைத்தது. உங்கள் ஆய்வைத் திருத்திய விரிவுரையாளர், களவேலையை மேற்பார்த்தவர் போதும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே சுயவிபரத்தையும் உங்கள் நோக்கக் கடிதத்தின் வரைவையும் கொடுங்கள்.

வார இறுதி டிப்ளோமாச் சான்றிதழ்களைக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அந்தக் காசில் புள்ளியியல் கற்கலாம். ஜமோவி என்ற மென்பொருள் இலவசம்; அதை வைத்து உங்கள் இறுதி ஆண்டு ஆய்வுத் தரவையே மறுபடி அலசிப் பாருங்கள்.

கடைசியாக, பெயர். பதிவாளர் தன் காதில் விழுந்தபடி எழுதிய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையில் வேறு எழுத்து, உயர்தரப் பெறுபேற்றில் இன்னொன்று. இது தோட்டத்தில் சகஜம். வெளிநாட்டு விண்ணப்பத்தில் இந்த மூன்றும் ஒரே ஆளுடையவை என்று நிரூபிக்கச் சொல்வார்கள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பிக்கலாம், ஆனால் இழுபடும். ஆகவே ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் கட்டும் முன் இந்த வேலையைத் தொடங்குங்கள். அந்தப் பெறுபேறு பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும். பெயர் திருந்துவதற்குள் அது காலாவதியானால் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.