ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வந்தது

போன வாரம் பார்த்தது இந்தக் கோடையில் தண்ணீர் வராமல் போன நான்காவது ஆழ்துளைக் கிணறு, அதாவது போர். போர் போடும் வண்டி நின்ற இடத்தைச் சுற்றிப் பாறைத்தூள் படிந்து, தென்னங்கன்றுகள் மாவு தூவியதுபோல வெளுத்துக் கிடந்தன. 140 அடியில் கொஞ்சம் ஈரம் தட்டியிருக்கிறது. அதற்கப்புறம் 1,150 அடி வரை வெறும் பாறைத்தூள் புகை. அதே தோட்டத்தில் அது மூன்றாவது போர், நகையை அடகு வைத்துப் போட்டது. அப்படியும் அந்த விவசாயி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, இன்னொரு 200 அடி போட்டுப் பார்த்தா என்னங்க?"

நிலத்தடி நீர் பார்க்கும் புவியியலாளர்களான எங்களை ஓயவிடாத கேள்வி இது. அடியில் ஆறு ஓடுகிறது, ஆழமாகப் போனால் பிடித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். இல்லவே இல்லை. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. அதில் தண்ணீர் நிற்பது மேலே மக்கிப்போன பாறையிலும், அதன் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். கீழே போகப் போக வெடிப்புகள் குறையும், இறுகும். ஆயிரம் அடியில் ஒன்று சிக்கினாலும் அது என்றைக்கோ இறங்கிய மழை. எடுத்த வேகத்தில் திரும்ப ஊறாது. அதோடு, மேல் வெடிப்புகளில் நிற்கும் தண்ணீர் உங்கள் குழி வழியாகக் கீழே வடிந்து, பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் வற்றும். இதை வரைந்தே காட்டியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு, நீரோட்டம் பார்க்கிறவர் கையில் தேங்காய் நிமிர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள்.

ஆனால் விவசாயியை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், நிலம் யாருடையதோ அடியில் உள்ள தண்ணீரும் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1990-இல் விவசாய மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் இலவசமானது. நூறு அடியிலிருந்து எடுத்தாலும் ஆயிரம் அடியிலிருந்து எடுத்தாலும் பில் ஒன்றுதான். சென்னைப் பகுதி நீங்கலாக மாநிலம் முழுவதற்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் 2003-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது. எடுக்க உரிமையும் கரண்டும் கொடுத்துவிட்டு, எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லாமல் விட்டால் குழி ஆழமாகத்தான் போகும்.

இலவச மின்சாரத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிறு விவசாயி அன்றே படுத்துவிடுவார். வேறு வழிகள் இருக்கின்றன. வெயில் உச்சத்தில் நெல் வயல் தண்ணீரைக் குடிக்கிறது என்பதால், 2009-இல் பஞ்சாப் அரசு ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்று சட்டம் போட்டது. 2018-இல் அங்கேயே, மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்கு விவசாயிக்குப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. இங்கேயும் அப்படி யோசிக்கலாம். சோலார் மோட்டாருக்கு மானியம் கொடுக்கும்போதே சொட்டுநீரையும் கட்டாயமாக்குங்கள். இல்லாவிட்டால், வெயில் அடிக்கும் வரை ஓடுகிற அந்த மோட்டாரை நிறுத்த மின்வெட்டுகூடக் கிடையாது.

சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். போர் போடும் முன் அக்கம்பக்கத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எது வற்றியது என்று கேளுங்கள். ஈரமண்கூட வராமல் வெறும் புகையாகவே வந்துகொண்டிருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அடிக்கணக்கில் காசு வாங்குகிறவர் தானாக நிறுத்த மாட்டார். பழைய கிணற்றைக் குப்பை கொட்டி மூடாதீர்கள். மழைத்தண்ணீரை வண்டல் வடிகட்டி அதில் இறக்குங்கள். மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, கையெடுத்துக் கேட்கிறேன். தண்ணீர் வராத குழியிலிருந்து, மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் பைப்பை உருவிக்கொண்டு அப்படியே விட்டுப் போகாதீர்கள். களிமண், மணல், கல் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. வண்டி தோட்டத்தை விட்டு வெளியே போகும் முன் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.