ஒரே லைப்ரரி, உள்ள எதுக்கு எட்டு டிஎல்எல்?

ராத்திரி பதினோரு மணிக்கு போன். "அண்ணா, டெப்ளாய் பண்ணிட்டேன், சைட்டே ஓபன் ஆகல." அந்த கிளையன்ட் சர்வர்ல இன்டர்நெட் கிடையாது, அதனால தம்பி நியூட்டன்சாஃப்ட் ஜேசன்ங்கிற லைப்ரரியோட நியூகெட் பேக்கேஜை (டாட்நெட் லைப்ரரியை அடைச்சுத் தர்ற ஃபைல்) ஜிப்னு ரீநேம் பண்ணி பிரிச்சு, உள்ள இருந்ததுல ஒரு டிஎல்எல்ல (கம்பைல் பண்ண கோட் இருக்கற ஃபைல்) எடுத்து ஆப்போட பின் (bin) ஃபோல்டர்ல போட்டிருக்கான். சிஸ்டம்.ரன்டைம் 6.0.0.0-ஐ லோட் பண்ண முடியலன்னு எர்ரர். ஆப் ஓடுறது மைக்ரோசாஃப்டோட பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.7.2-ல, இவன் எடுத்தது அதுக்கப்புறம் வந்த டாட்நெட் 6-க்கான நெட்6.0 ஃபோல்டர்ல இருந்து. ஏன்டா அதை எடுத்தன்னு கேட்டா, "இருக்கறதுலயே அதான் புதுசுண்ணா"ங்கிறான்.

நியாயமாத்தான் யோசிச்சிருக்கான், ஆனா அது அப்படி இல்ல. நியூட்டன்சாஃப்ட் ஜேசன் 13.0.3-ஐ பிரிச்சுப் பாருங்க, நெட்20, நெட்35, நெட்40, நெட்45, நெட்ஸ்டாண்டர்ட்ல (பழைய, புது டாட்நெட் ரெண்டுக்கும் பொதுவான வரையறை) மூணு வெர்ஷன், நெட்6.0, மொத்தம் எட்டு ஃபோல்டர். எட்டுமே அதே 13.0.3 தான், ஒவ்வொண்ணையும் வேற வேற ஃப்ரேம்வொர்க்குக்கு கம்பைல் பண்ணிருக்காங்க, அவ்ளோதான் வித்தியாசம். நெட்45-ல இருக்கறது பழைய ஃப்ரேம்வொர்க்கோட அடிப்படை லைப்ரரியான எம்எஸ்கார்லிப்பைத் தேடும், நெட்6.0-ல இருக்கறது டாட்நெட் 6-ஓட சிஸ்டம்.ரன்டைம் 6-ஐத் தேடும். 4.7.2-ல அது எங்க இருக்கு?

சரி, எல்லாத்துக்கும் பொதுவா நெட்ஸ்டாண்டர்ட் 2.0-க்கு ஒண்ணு போட்டா போதாதான்னு கேப்பீங்க. நிறைய லைப்ரரிக்கு போதும், சொல்லப்போனா நம்ம 4.7.2-லயும் அது ஓடும். ஆனா எல்லார்கிட்டயும் இருக்கற ஏபிஐ (கோட்ல கூப்பிடுற ரெடிமேட் வசதிங்க) மட்டும்தான் அதுல கிடைக்கும். மெமரியை காப்பி பண்ணாமலே படிக்கற ஸ்பான் மாதிரி வேகமான சமாச்சாரமெல்லாம் டாட்நெட் கோர் (புது டாட்நெட்டோட அப்போதைய பேரு) 2.1-ல தான் உள்ளயே வந்துச்சு, வேற பேக்கேஜ் சேர்க்காம அதை யூஸ் பண்ணணும்னா தனி பில்ட் வேணும். இந்தப் பக்கம் பழைய ஆளுங்களையும் விட முடியாது, ஃப்ரேம்வொர்க் 3.5 எஸ்பி1-க்கு 2029 ஜனவரி வரைக்கும் சப்போர்ட் இருக்கே! அதனால ஒரே சோர்ஸ்ல எந்த வரி எந்த ஃப்ரேம்வொர்க்குக்குன்னு ஹேஷ்-இஃப் (#if) போட்டுப் போட்டு ஓட்டுறாங்க, எழுதுறவங்களுக்கு அது பெரிய தலைவலி.

ப்ராஜெக்ட்ல ஆட் பண்ணா எந்த ஃபோல்டர்னு நியூகெட்டே பார்த்துக்கும், கையால காப்பி பண்ணும்போதுதான் மாட்டுவோம். இன்னொரு இடமும் இருக்கு, பேக்கேஜ் லிஸ்டை பேக்கேஜஸ்.கான்ஃபிக்னு தனி ஃபைல்ல வச்சிருக்கற பழைய ப்ராஜெக்டை 4.0-ல இருந்து 4.8-க்கு மாத்துவோம்ல, பில்டும் பாஸ் ஆயிடும், ஆனா சிஎஸ்ப்ராஜ்ல (ப்ராஜெக்ட் ஃபைல்) டிஎல்எல் எங்க இருக்குன்னு சொல்ற ஹின்ட்பாத் இன்னும் நெட்40-ன்னே கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அப்டேட்-பேக்கேஜ் கமாண்டை ரீஇன்ஸ்டால் ஆப்ஷனோட ஒருதடவை ஓட்டுனா சரியாயிடும்.

தம்பிக்கு நெட்45 டிஎல்எல்ல மாத்திப் போடச் சொன்னேன், ரெண்டு நிமிஷத்துல சைட் வந்துருச்சு. எனக்குத்தான் தூக்கம் போச்சு.