அன்எம்ப்ளாய்மென்ட் 'போடுவது': உதவித்தொகையா, காப்பீடா?

அமெரிக்காவில் வேலை போன தமிழர் வீட்டில் முதல் வாரமே எழும் கேள்வி, "அன்எம்ப்ளாய்மென்ட் போட்டாச்சா?" என்பது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையின்மை என்றுதான் பொருள். பின்னால் இருந்த 'இன்ஷூரன்ஸ்' பேச்சில் தேய்ந்து உதிர்ந்துவிட, மிச்சமிருந்த முன்பாதியே, வேலை போனவருக்கு மாநிலம் வாரக் கணக்கில் தரும் பணத்துக்குப் பெயராகிவிட்டது. அதோடு நம்முடைய 'போடு'வும் ஒட்டிக்கொண்டது. லீவு போடுகிறோம், கேஸ் போடுகிறோம், அன்எம்ப்ளாய்மென்ட்டும் போடுகிறோம்.

எழுத்துக்கு வந்ததும் இது 'வேலையின்மை உதவித்தொகை' ஆகிவிடுகிறது. இந்த மொழிபெயர்ப்பு சரியில்லை என்பது என் கட்சி. சொல் அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. ஆளைத் தப்பான மாநிலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். நியூஜெர்சி எடிசனில் ஆறு வருடம் குடியிருந்து அந்த மாநிலத்திலேயே வேலை பார்த்தார். 2025 ஏப்ரலில் வேலை போனது. அங்கே வாடகை கட்டி மாளாது என்று, மே மாதம் புளோரிடாவில் டாம்பாவில் இருக்கும் மச்சான் வீட்டுப் பக்கம் குடிபோனார். உதவித்தொகை என்றால் இருக்கிற ஊரில்தானே கேட்க வேண்டும்? ரேஷன் கார்டு எங்கேயோ அங்கேதானே அரிசி? அப்படி நினைத்து புளோரிடாவில் மனு போடுகிறார். அங்கே அவர் பெயரில் ஒரு டாலர் சம்பளம்கூடப் பதிவாகியிருக்காது.

நமக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் 'வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை' என்று ஒன்று உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவருக்கு அரசு தன் பணத்திலிருந்து தரும் சிறு தொகை அது. பெரும்பாலும் வேலையே கிடைக்காதவருக்கானது. அமெரிக்க ஏற்பாடு இதற்கு நேர்மாறு. கல்லூரி முடித்து இன்னும் வேலைக்கே போகாதவருக்கு அங்கே ஒன்றும் கிடையாது. வேலையில் இருந்து, சம்பளம் வாங்கி, அதைத் தன் தவறில்லாமல் இழந்தவருக்குத்தான் அது. அதனால் 'வேலையின்மை' என்ற முன்பாதியும் முழுசாகப் பொருந்தவில்லை. 'வேலையிழப்பு' என்பதே பொருத்தம். (நம் செய்தித்தாள்களின் 'வேலையில்லாத் திண்டாட்டம்' வேறு சங்கதி. திண்டாட்டத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் தமிழனுக்கு வேலையின்மை வேலையின்மையாகத் தெரியும் போல.)

பின்பாதிக்குப் போவோம். 1932இல் விஸ்கான்சின் மாநிலம்தான் அமெரிக்காவில் முதன்முதலாக இதற்குச் சட்டம் இயற்றியது. அதன்படி முதல் காசோலை 1936இல் வந்தது. தொகை 15 டாலர். இடையில் 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுக்க இதைப் பரப்பியது. ஆனால் எல்லாருக்கும் ஒரே பணப்பெட்டி என்று வைக்காமல் மாநிலத்துக்கு ஒரு கணக்காகப் பிரித்தது. இன்றும் அப்படித்தான். முதலாளி தன் ஆளுக்காக அந்தந்த மாநிலத்துக்கு வரி கட்டுகிறார். அது அந்த மாநிலத்தின் தனிக் கணக்கில் சேர்கிறது. நிர்வாகச் செலவுக்கென மத்திய அரசுக்கும் ஒரு சிறு வரி: ஆளுக்கு ஆண்டின் முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு 6 சதவீதம், மாநிலத்துக்குக் கட்டிய வரிக்கான கழிவு போக வழக்கமாக 0.6 சதவீதம், அதாவது 42 டாலர். பெரும்பாலான மாநிலங்களில் தொழிலாளியிடம் எதுவும் பிடிப்பதில்லை. அலாஸ்கா, பென்சில்வேனியா, நியூஜெர்சி மூன்றும் விலக்கு. நம் எடிசன்காரர் தன் பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் பிடித்தங்களுக்கு நடுவே அந்தச் சின்னத் தொகை கண்ணில் படும்.

சந்தா கட்டி, சேதம் வந்தால் வாங்குவதற்குத் தமிழில் காப்பீடு என்று நல்ல சொல் இருக்கிறது. காப்பு, ஈடு இரண்டும் சேர்ந்தது, இழந்ததற்கு ஈடு. இலங்கையில் காப்புறுதி என்பார்கள். ஆக 'வேலையிழப்புக் காப்பீடு'. இப்படிச் சொன்னதுமே எங்கே கேட்பது என்ற குழப்பம் தீர்ந்துவிடுகிறது. சந்தா எங்கே போனதோ அங்கே கேட்க வேண்டும். டாம்பாவில் உட்கார்ந்துகொண்டு நியூஜெர்சியிடம் கேட்பதுதான் முறை.

கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'கிளெய்ம்'. உரக்கக் கூவுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழில் கோரல், உரிமைகோரல். 'விண்ணப்பம்' என்று எழுதினால் பணிந்து வேண்டிக்கொள்ளும் வாடை அடிக்கிறது. கோரல் என்பதில் இது என் பணம் என்ற தொனி இருக்கிறது.

வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு கோருவதை 'மாநிலம் கடந்த கோரல்' எனலாம். அதில் இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பணம் தர வேண்டியது பொறுப்பு மாநிலம். ஆள் இருக்கிற இடம் முகவர் மாநிலம். ஒரு காலத்தில் இருக்கிற ஊர் அலுவலகத்தில் தாள்களைக் கொடுப்பார்கள். அது தபாலில் பொறுப்பு மாநிலத்துக்குப் போகும். முகவர் என்ற பெயர் அப்போது வந்தது. இப்போது இணையத்தில் நேரடியாகவே போடலாம். புது மாநிலத்தின் வேலைவாய்ப்புச் சேவையில் பதிந்துகொள்வது மட்டும் பொதுவாகத் தேவைப்படும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் பொறுப்பு மாநிலமே தீர்மானிக்கிறது. இங்கேதான் தப்பான கதவைத் தட்டுவதன் விலை தெரியும். நியூஜெர்சியில் வார உச்சவரம்பு 800 டாலருக்கு மேல், அதிகபட்சம் 26 வாரம். புளோரிடாவில் உச்சவரம்பு 275 டாலர். வேலையின்மை விகிதம் குறைவாக இருக்கும் காலத்தில் வெறும் 12 வாரம். டாம்பாவுக்குக் குடிபோனதால் நியூஜெர்சித் தொகை குறையாது. இதில் வேடிக்கை, புளோரிடா 2012இல் தன் திட்டத்தின் பெயரையே மாற்றி, மறுவேலைக்கான உதவி என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டது. நாம் செய்யும் மொழிபெயர்ப்புப் பிழையை அவர்கள் ஆங்கிலத்திலேயே செய்துவிட்டார்கள்.

சம்பளத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு 'அடிப்படைக் காலம்' என்று பெயர். முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கு. மே 2025இல் கோரினால் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த ஆண்டில் இரண்டு மாநிலங்களில் வேலை பார்த்திருந்தால் இரண்டு சம்பளத்தையும் கூட்டி ஒரே மாநிலத்தில் கோரலாம். 'கூட்டுச் சம்பளக் கோரல்' எனலாம். ஆனால் இரண்டு மாநிலத்திலும் தனித்தனியாக வாங்க முடியாது.

சரி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் எந்த மாநிலத்து ஆள்? கம்பெனி இருக்கும் மாநிலம் என்று பலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். 2003இல் நியூயார்க்கின் உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. நியூயார்க் நிறுவனம் ஒன்றில் இருந்த பெண் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தே கணினி வழியாக வேலை பார்த்தார். பிறகு அந்த ஏற்பாட்டை நிறுவனம் நிறுத்தியது, திரும்பி வரச் சொன்னது, அவர் போகவில்லை. தானே விலகியதாக எடுத்துக்கொண்டு புளோரிடா மறுத்தது. நியூயார்க்கில் கோரினார். வேலை செய்யும்போது உடம்பு எங்கே இருந்ததோ அதுதான் வேலை நடந்த இடம், ஆகவே நியூயார்க்குக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும்போதே ஊர் மாறியவர்கள், சம்பளம் எந்த மாநிலத்தில் பதிவாகிறது என்று சம்பளச் சீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம், லே-ஆஃப். ஆங்கிலத்தில் முதலில் இது தற்காலிகம்: வேலை மந்தமான பருவத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பி, சூடு பிடித்ததும் கூப்பிடுவது. நாளடைவில் கூப்பிடுவது நின்றுபோய் அனுப்புவது மட்டும் மிஞ்சியது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த இந்தியாவின் 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் பழைய பொருளே பதிந்திருந்தது. நிலக்கரி, மின்சாரத் தட்டுப்பாடு, இயந்திரப் பழுது போன்றவற்றால் வேலை தர முடியாத நிலை. பெயர் பதிவேட்டில் இருக்கும், பாதிச் சம்பளம் உண்டு. நிரந்தரமாக அனுப்புவதற்கு அங்கே வேறு சொல். தமிழில் அது ஆட்குறைப்பு. அமெரிக்க லே-ஆஃபுக்கும் அதுவே பொருந்தும். 'பணிநீக்கம்' என்றால் ஏதோ தப்பு செய்து டிஸ்மிஸ் ஆனதுபோல் ஒலிக்கும். பேச்சில் 'சீட்டு கிழிஞ்சிடுச்சு' என்று இரண்டையும் ஒன்றாக்கலாம், படிவத்தில் கூடாது. ஆட்குறைப்பா, ஒழுங்கீனமா, தானே விலகினாரா என்பதில்தான் பணம் நிற்கிறது. ஆட்குறைப்புக்குப் பிறகு ஊர் மாறினால் பிரச்சினையில்லை. ஊர் மாறுவதற்காக வேலையை விட்டால், ராணுவத்தில் இருக்கும் துணையோடு போவது போன்ற விலக்குகள் தவிர, பொதுவாகக் கிடைக்காது.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கசப்பு உண்டு. அவர்களுக்காகவும் முதலாளி வரி கட்டித்தான் இருப்பார். ஆனால் வாங்க வேண்டுமானால் உடனே வேலைக்குச் சேரத் தயாராகவும், சட்டப்படி முடிந்தவராகவும் இருக்க வேண்டும். வேலை போனால் நாட்டில் இருக்க அவர்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வேறு யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யும் உரிமை இல்லை. அதனால் மாநிலங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

கடைசியாக ஒரு தாள். இந்தப் பணத்துக்கு நியூஜெர்சி வரி கேட்பதில்லை, புளோரிடாவில் வருமான வரியே கிடையாது. மத்திய அரசு விடாது. மறு வருடம் ஜனவரியில் வாங்கிய தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற படிவத்தை நியூஜெர்சி தரும். கோரலில் பழைய முகவரியே இருந்துவிட்டால், தபாலில் வரும் அந்தத் தாளைத் தேடி எடிசனில் இப்போது குடியிருப்பவருக்குத்தான் போன் போட வேண்டும்.